நேர்காணல் டைப் செய்து தரும் சேவை: எழுத்து சுத்தம், ரகசியம் ஓட்டை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை எழுத்தாக்க ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் சேவையிடம் கொடுத்திருந்தேன். பெயர் வேண்டாம். சமூகவியல், சமூகப்பணி ஆய்வு மாணவர்கள் நிறைய பேர் இப்போது இப்படித்தான் வெளியே கொடுத்து வாங்குகிறோம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டைப்பிங்கில் குறையே சொல்ல முடியாது. "வந்தனுங்க" என்பதை "வந்தேன்" என்று திருத்தி வைக்கும் அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. பவர்டேபிள், கைமடி, செக்கிங், ஒன்றரை ஷிப்ட் என்று கம்பெனியில் புழங்கும் வார்த்தைகள் எல்லாம் பேசியபடியே இருந்தது. சூப்பர்வைசரைப் பற்றிக் கேட்டதும் ஒரு அக்கா பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறார், பின்னால் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்தான். அந்த இடத்தில் "(நீண்ட மௌனம்)" என்று போட்டிருந்தார்கள். மௌனமும் தரவுதான் என்று தெரிந்த ஆட்கள். நிமிடக் கணக்கில் காசு, அதுவும் நியாயமான ரேட், சொன்ன தேதிக்கு வந்துவிட்டது.

பிரச்சினை ஃபைல் பெயரில் தொடங்கியது. நான் கொடுத்த ஆடியோவுக்கு ப-7 மாதிரி எண்தான் பெயர். திரும்பி வந்த ஃபைலில், பேச்சுக்கு நடுவே அந்தப் பெண் சொன்ன சொந்தப் பெயர், கம்பெனி பெயர் இரண்டையும் எடுத்து ஒட்டி, கடைசியில் "ஃபைனல்" என்று வைத்திருந்தார்கள். தேடுவதற்கு வசதியாக இருக்கட்டுமே என்று செய்தார்களாம். வந்தது வாட்ஸ்அப்பில். போன் போட்டு, யார் கேட்டு டைப் அடிக்கிறார்கள், வேலை முடிந்ததும் ஆடியோவை அழிப்பீர்களா என்று கேட்டால், "எல்லாம் நம்ம பசங்கதான் மேடம், வெளிய போகாது" என்கிறார் சேவையின் உரிமையாளர். நம்ம பசங்க என்றால் வீட்டிலிருந்து அடித்துத் தருகிறவர்கள், அதில் சிலர் அதே திருப்பூர், அவிநாசிப் பக்கம். கேட்டவுடன் குரலை அடையாளம் தெரிந்துகொள்ள அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட்டது என் ஒப்புதல் படிவத்தில், என் வாக்கை நம்பி. அந்தப் பசங்களிடம் யாரும் எந்த வாக்கும் வாங்கவில்லை.

இதையெல்லாம் எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதும் சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி நடத்திய பெல்ஃபாஸ்ட் திட்டத்தைத் தேடிப் படியுங்கள். வட அயர்லாந்து மோதலில் ஆயுதம் ஏந்திய இரு தரப்பு முன்னாள் ஆட்களிடமும் 2001 முதல் வாய்மொழி வரலாறு பதிவு செய்தார்கள், உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்ற உறுதியோடு. திட்ட இயக்குநரோடு கல்லூரி போட்ட ஒப்பந்தத்தில் "அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்ற வரம்பு இருந்தது, பேசியவர்கள் கையெழுத்திட்ட படிவத்தில் அந்த வரம்பு இல்லை. 2011-ல் வட அயர்லாந்து போலீசுக்காகப் பிரிட்டிஷ் அரசு கேட்டதில் அமெரிக்க நீதிமன்றம் வழியாகச் சம்மன் வந்தது, சில பதிவுகள் கைமாறின. 1972-ல் ஜீன் மெக்கான்வில் என்ற பெண் கடத்திக் கொல்லப்பட்ட வழக்குக்காகத்தான் அவற்றைக் கேட்டார்கள்; அதே வழக்கில் 2014-ல் சின் ஃபெயின் கட்சியின் அப்போதைய தலைவர் ஜெரி ஆடம்ஸ் கைதாகி, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விடுவிக்கப்பட்டார். அதற்குப் பிறகுதான், வேண்டுமானால் உங்கள் பதிவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றது கல்லூரி. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வு மாணவராக இருந்த ரிக் ஸ்கார்ஸ், தன்னிடம் பேசியவர்களைப் பற்றிச் சாட்சி சொல்ல மறுத்து 1993-ல் 159 நாள் சிறையில் இருந்தார். இங்கே நம் ஆட்கள் சம்மன் கூட இல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்!

சரி, கம்ப்யூட்டரிடமே கொடுத்துவிடலாமே என்றால், பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரி மென்பொருளை இணையம் இல்லாமல் சொந்த லேப்டாப்பிலேயே ஓட்டலாம், ஆடியோ வெளியே போகாது. ஆனால் பேச்சு நிற்கும் இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை அதுவாகவே போட்டுவிடுவதும் உண்டு. மேலே சொன்ன அக்காவின் மௌனத்தில் அது என்ன எழுதும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வெளியே கொடுப்பதாக இருந்தால், பெயர், ஊர், கம்பெனி வரும் இடங்களை ஆடியோவிலேயே வெட்டிவிட்டுக் கொடுங்கள், ஆடியோவை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருள் போதும், இலவசம்தான். உரிமையாளரிடம் மட்டும் இல்லாமல் டைப் அடிக்கிற ஆளிடமும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். "இதை இன்னொருவரும் கேட்டு எழுதுவார்" என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி கட்டாயம். படிக்கத் தெரியாதவரிடம் அதை வாயால் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் அந்தப் பதிவை நீங்களே உட்கார்ந்து அடிக்க வேண்டியதுதான்.

கருத்தரங்கு உரை, பொதுக்கூட்டப் பேச்சு மாதிரி விஷயங்களுக்கு இந்தச் சேவையைத் தாராளமாகச் சொல்வேன், அதற்கு ஐந்து நட்சத்திரம். ஆள் அடையாளம் தெரிந்தால் வேலை போகும் நேர்காணல்களுக்கு ஒன்று, அதுவும் டைப் அடித்த அந்தப் பையனுக்காக.