கூடும் மின் தேவை: தொலைதூர லைனா, நீரேற்று நிலையமா?

2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. இன்னும் ஏறும்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட (DC) லைன் 6,000 மெகாவாட் சுமக்கும். காற்றாலை மின்சாரம் மிஞ்சினால் வடக்கே அனுப்பவும் உதவும். ஆனால் கோபுரம் நிற்கும் வயல்காரருக்கு நியாயமான இழப்பீடு தராமல் இப்படி இன்னொரு லைன் இழுக்கக் கூடாது.

கோவை மாவட்டத்தின் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் வேறு வகை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு தண்ணீரை மேலே கடம்பாறை அணைக்கு ஏற்றி வைக்கிறார்கள். மாலையில் வீட்டுக்கு வீடு விளக்கும் ஏசியும் ஓடும்போது திறந்துவிட்டால் 400 மெகாவாட். சில மணி நேரம்தான், சரி. ஆனால் நெருக்கடியே அந்தச் சில மணி நேரத்தில்தானே? பகலில் சூரிய மின்சாரம் தாராளம். பொழுது சாய்ந்ததும் அது இல்லை. அதனால் இதே வகையான, நீலகிரி மாவட்டக் குந்தாவின் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டத்துக்கே நான் முதலிடம் தருவேன்.