72 செவெல் மாலிபு: எக்ஸாஸ்டும் எஞ்சினும் மாற்றிப் பல கோடைகள் ஓட்டிய அனுபவம்

மிச்சிகனில் நான் வைத்திருப்பது 1972 செவர்லே செவெல் மாலிபு. 350 கன அங்குல வி8, இரண்டு பேரல் கார்பரேட்டர், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்னால் 2.73 ஆக்சில் (டிரைவ் ஷாஃப்ட் 2.73 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்). சேகரிப்பவர்கள் தேடும் எஸ்எஸ் ரகம் இல்லை என்பதால்தான் இதில் கை வைக்க மனம் வந்தது. எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் குழாய்கள்) முதலில், ஆக்சிலும் கியர்பாக்ஸும் அடுத்து, எஞ்சின் கடைசியில் என்று பகுதி பகுதியாக மாற்றிப் பல கோடைகள் ஓட்டியாகிவிட்டது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எக்ஸாஸ்ட், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஆக்சில் மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் ஒன்று இன்னொன்றின் காலை வாரிவிடும்.

72 மாடல் என்றாலே பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. 1971-இல் இந்த எஞ்சினுக்கு 245 குதிரைத்திறன் என்று போட்டார்கள், 1972-இல் 165. எஞ்சினில் பெரிதாக எதுவும் மாறவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. முன்பெல்லாம் எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் கிளீனரும் வண்டியின் சைலன்சரும் இல்லாமல் அளந்தார்கள். 72 முதல் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அளந்தார்கள். உண்மையான இழப்பு அதற்கு முந்தைய வருடமே நடந்துவிட்டது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக, செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் 1971-இல் கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதத்தை) குறைத்தது. என் எஞ்சினில் அது 8.5-க்கு 1. ஆக, மீட்க வேண்டியது இரண்டு இடத்தில் இருக்கிறது: மூச்சுவிடும் வழியில் கொஞ்சம், சிலிண்டர் ஹெட்டில் நிறைய.

எக்ஸாஸ்டில் கம்பெனி கொடுத்தது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே குழாய். அதற்குப் பதிலாக 1⅝ அங்குலக் குழாய்கள் கொண்ட நீள ஹெடர் (சிலிண்டருக்கு ஒரு தனிக் குழாய்), 2.5 அங்குல இரட்டைக் குழாய், இரண்டு சைலன்சர் போட்டேன். முதலில் போன பட்டறையில் குழாயை அழுத்தி வளைத்தார்கள். வளைவு ஒவ்வொன்றிலும் குழாய் நசுங்கி, பேருக்குத்தான் இரண்டரை அங்குலமாக இருந்தது. அதைக் கழற்றி, மாண்ட்ரல் (குழாய் நசுங்காமல் உள்ளே வைக்கும் உருளை) வைத்து வளைத்த குழாய்களை வேறோர் இடத்தில் வெல்டு செய்ய வேண்டியதாயிற்று. பட்டறைக்காரரிடம் மாண்ட்ரல் பெண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டு குழாய்களையும் நடுவில் இணைக்கும் பைப்பை விட்டுவிடாதீர்கள். சின்ன பிளாக் செவர்லேயின் ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் டிரைவர் பக்கம், இரட்டைப்படை அந்தப் பக்கம். வரிசையைக் கவனியுங்கள்: 8-ம் 4-ம் அடுத்தடுத்து வெடிக்கின்றன, இரண்டும் ஒரே பக்கம். 5-ம் 7-ம் அப்படியே, எதிர்ப் பக்கத்தில். அதனால் ஒரு குழாய்க்குள் இரண்டு அடி நெருக்கமாக விழுகிறது, அப்புறம் ஓர் இடைவெளி. வி8-இன் அந்தத் தடதடப்பு பிறப்பது இங்கேதான். எச் பைப் (இரண்டுக்கும் குறுக்கே ஓர் இணைப்புக் குழாய்) போட்டால் அழுத்தம் ஓரளவு சமமாகி, கனத்த குரல் அப்படியே நிற்கும். எக்ஸ் பைப் (இரண்டும் நடுவில் ஒன்றாகச் சேர்ந்து பிரிவது) போட்டால் இரண்டு பக்கமும் நன்றாகக் கலந்து குரல் வழவழப்பாகவும் உச்சத்திலும் வரும். எனக்கு அமெரிக்க வி8 என்றால் அடிவயிற்றில் அதிர வேண்டும். எச் பைப்தான்.

எக்ஸாஸ்ட் மட்டும் மாறியிருந்த அந்த முதல் கோடையில், 3,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கான சுற்றுகள்) மேல் எஞ்சின் சற்று இலகுவாக ஏறியது. அதற்குக் கீழே இழுவையில் வித்தியாசம் தெரியவே இல்லை. சத்தத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், சக்திக்காக என்றால் இதோடு நிறுத்துவதில் அர்த்தமில்லை.

அதோடு ரீங்காரம் ஒன்று வந்து சேர்ந்தது. 1,900 முதல் 2,100 ஆர்பிஎம் வரை கேபினுக்குள் காதை அடைக்கும் அதிர்வு. 2.73 ஆக்சிலில் 55 மைல் வேகம் என்பது ஏறத்தாழ 1,950 ஆர்பிஎம். இங்கே ஊருக்கு வெளியே பல சாலைகளில் வேக வரம்பே 55தான். ஆக்சிலை 3.42-க்கு மாற்றியதும் 55-இல் 2,400-க்கு ஏறி ரீங்காரம் போய்விட்டது, சிக்னலில் கிளம்பும்போது வண்டியே வேறு வண்டியாக இருந்தது. ஆனால் 70-இல் 3,100 ஆர்பிஎம்மில் அலறியது. ஓவர்டிரைவ் உள்ள 200-4ஆர் கியர்பாக்ஸ் போட்டேன். டர்போ 350-இன் நீளமே என்பதால் டிரைவ் ஷாஃப்டை வெட்ட வேண்டியதில்லை. டாப் கியர் 0.67. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 70-இல் 2,070. ரீங்காரம் மறுபடி வாசலில் வந்து நின்றது!

தீர்த்தது இரண்டு வேலை. அறைகள் கொண்ட சைலன்சரை எடுத்துவிட்டு, துளையிட்ட குழாய் நேராக ஓடும் ரகத்தைப் போட்டேன். அப்புறம் ஒவ்வொரு பக்கமும் வாய் அடைத்த ஒரு கிளைக் குழாய், மூன்றடிக்குச் சற்றுக் குறைவாக. 2,000 ஆர்பிஎம்மில் எட்டு சிலிண்டரும் சேர்ந்து வினாடிக்கு 133 முறை வெடிக்கின்றன. அந்த அலை கிளைக்குள் போய் அடைப்பில் மோதித் திரும்பி வரும்போது, எதிரே வரும் அலையை அடக்கிவிடுகிறது. இப்போது 70-இல் பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசலாம், காலை அழுத்தினால் பழைய உறுமல் அப்படியே வரும். இந்த ஒரு வேலைக்குக் கொடுத்த பணம்தான் எனக்கு மிகவும் திருப்தி.

எஞ்சினுக்கு வருவோம். 1990-களின் கடைசியில் ஜிஎம் டிரக்குகளில் வந்த வோர்டெக் ஹெட் இந்த பிளாக்கில் அப்படியே உட்காரும். பழைய ஹெட்டின் எரிஅறை 76 சிசி, இது 64. அது ஒன்றிலேயே கம்ப்ரெஷன் ஒன்பதரையை ஒட்டி வந்துவிடுகிறது. ஆனால் தெரிந்துகொண்டு இறங்க வேண்டியவை சில உண்டு. இன்டேக் மேனிஃபோல்டு இதற்கென்றே உள்ளதை வாங்க வேண்டும். வால்வ் லிஃப்ட் 0.460 அங்குலத்தைத் தாண்டினால் மெஷின் ஷாப்பில் வால்வ் கைடைக் குறைத்து ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும். இன்டேக்கைச் சூடாக்கும் எக்ஸாஸ்ட் வழி இந்த ஹெட்டில் கிடையாது. அதனால் அந்தச் சூட்டை நம்பிய பழைய சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவையைக் கெட்டியாக்கும் மூடி) வேலை செய்யாது, எலெக்ட்ரிக் சோக்தான். ஏப்ரல் மாதக் குளிரில் வண்டியை எடுத்தால் ஐந்து நிமிடம் பொறுமையாக ஐட்லிங்கில் விட வேண்டும். அதே காரணத்தால் ஆகஸ்ட் வெயிலில் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் கொதிப்பதும் வெகுவாகக் குறைந்தது.

கேம் விஷயத்தில் ரோலர் (கேமின் மேல் உருளை ஓடும் ரகம்) பக்கமே நின்றேன். ஃபிளாட் டேப்பட் கேமுக்கு (உருளை இல்லாமல் உரசி ஓடும் ரகம்) ஆயிலில் துத்தநாகச் சேர்மம் வேண்டும், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்று இன்றைய ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். ரோலருக்கு அந்தக் கவலை இல்லை, விலைதான் அதிகம். பெரிய கேம் தேவையே இல்லை. ஐட்லிங்கில் குலுங்குவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எஞ்சின் உறிஞ்சும் வேக்குவம் விழுந்தால் பவர் பிரேக் மிதி கல்லாகிவிடும். நான் போட்டது மிதமானது. அதற்கு நான்கு பேரல் குவாட்ராஜெட் கார்பரேட்டர், எச்இஐ (மின்னணுப் பற்றவைப்பு) டிஸ்ட்ரிபியூட்டர். எச்இஐக்குப் பழைய ரெசிஸ்டன்ஸ் வயர் ஆகாது, முழு 12 வோல்ட் தனி வயர் இழுக்க வேண்டும். வோர்டெக்கின் எரிஅறை வேகமாக எரிப்பதால் மொத்த அட்வான்ஸ் (பொறியை முன்கூட்டியே தரும் அளவு) 34 டிகிரிக்கு மேல் வைக்கவில்லை. ஹெடரில் அகலப் பட்டை ஆக்சிஜன் சென்சார் மாட்டி, கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைச் சரி செய்தபோதுதான் அதே ஹெடர் தன் வேலையைக் காட்டியது. 2,000-இலேயே இழுவை தொடங்கி 5,000 வரை தொய்வில்லாமல் போகிறது. மைலேஜ் ஹைவேயில் காலனுக்கு 16 கிடைக்கிறது.

ஹெடரோடு குடும்பம் நடத்துவது தனி விஷயம். போல்ட் இளகும், கேஸ்கெட் கசியும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வரும். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை பழைய கார்கள் உலா வரும் வுட்வர்ட் டிரீம் குரூஸ் நெரிசலில் நகர்ந்தால் ஸ்டார்ட்டர் சூட்டில் திணறும், ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் மூடியான பிளக் பூட் கருகும். செராமிக் பூச்சு, சின்ன கியர் ஸ்டார்ட்டர், பிளக் பூட்களுக்கு உறை, பூட்டு வைத்த போல்ட், இவை போட்ட பிறகு தொல்லை பெரும்பாலும் அடங்கியது. வேகத்தடையில் அடி தட்டுவது மட்டும் இன்னும் தீரவில்லை. பொறுமை இல்லாதவர்களுக்கு நல்ல வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் இரட்டைக் குழாயும் போதும் என்பேன்.

முன்பக்கம் டிரம் பிரேக் உள்ள வண்டி என்றால் எஞ்சினைத் தொடும் முன் டிஸ்க் போடுங்கள். கழற்றிய ஹெட், மேனிஃபோல்டு, கார்பரேட்டர் எதையும் விற்காதீர்கள். வார்ப்பு எண்களோடு ஆயில் தடவிப் பொதிந்து, எதிலிருந்து கழற்றியது என்று அட்டை கட்டி வையுங்கள். நாளைக்கு வண்டியை வாங்க வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.