லினக்ஸில் பாட்டு வேலை: ஒயினில் எஃப்எல் ஸ்டுடியோவா, ரீப்பரும் யாபிரிட்ஜுமா?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் ஆதரவு நின்றதிலிருந்து, வள்ளிக் கும்மிக்கு டிராக் போட்டுத் தரும் ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்துத் தம்பிகள் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிவிட்டு இதைத்தானுங்க கேட்கிறார்கள்: விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக, பாட்டு உருவாக்கும் எஃப்எல் ஸ்டுடியோவையே (எஃப்எல்) வைத்துக்கொள்வதா, இல்லை ரீப்பர் என்ற பாட்டுப் பதிவு மென்பொருளுக்கும், விண்டோஸ் பிளகின்களை (உள்ளே சேர்த்துக்கொள்ளும் கூடுதல் இசைக்கருவி, எஃபெக்ட்) அதற்குள் ஓட்டும் யாபிரிட்ஜுக்கும் மாறுவதா?

செலவு
ஒயின்: இலவசம். வைத்திருக்கும் எஃப்எல் உரிமமே போதும்.
ரீப்பர்: 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். யாபிரிட்ஜ் இலவசம்.

தாமதம் (வாசிப்பதற்கும் காதில் கேட்பதற்கும் இடையே ஆகும் நேரம்)
ஒயின்: தாமதம் குறைய, ஒயின்ஏசியோ என்ற ஒலி டிரைவரைத் தனியாக நிறுவி, லினக்ஸின் ஒலி அமைப்புகளான ஜாக் அல்லது பைப்வயருடன் இணைக்க வேண்டும்.
ரீப்பர்: லினக்ஸுக்கெனத் தனிப் பதிப்பு உண்டு, ஜாக்குடன் நேரே பேசும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (ஒலியை ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் அளவு) என்றால் அந்தப் பஃபருக்கு 2.7 மில்லி வினாடிதான். பம்பையும் உருமியும் நேரடியாகப் பதியும்போது தாமதம் கூடினால் காதிலேயே தெரியும். எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

நிலைத்தன்மை
ஒயின்: ஒரு பிளகின் விழுந்தால் மொத்த எஃப்எல்லும் விழக்கூடும்.
ரீப்பர்: விண்டோஸ் விஎஸ்டி வகைப் பிளகின்களை யாபிரிட்ஜ் ரீப்பருக்கு வெளியே தனிச் செயல்முறையில் ஓட்டுகிறது; அதனால் ஒன்று விழுந்தாலும் ரீப்பர் தப்ப வாய்ப்பு அதிகம். ஆனால் யாபிரிட்ஜும் ஒயினை நம்பித்தான் ஓடுகிறது; ஒயின் 9.22 வந்தபோது பிளகின் ஜன்னலில் மவுஸ் இடம் தவறியது; அதனால் நன்றாக ஓடும் ஒயின் பதிப்பைக் கண்மூடித்தனமாக அப்டேட் செய்யாதீங்க.

ஐலாக் யுஎஸ்பி சாவி (உரிமத்தைச் சரிபார்க்கச் செருகும் சிறு கருவி) கேட்கும் பிளகின்களை இரண்டு வழியிலும் நம்ப வேண்டாம்.

பீட் மட்டும் அடுக்குபவருக்கு, பழைய எஃப்எல் கோப்புகள் குவிந்து கிடப்பவருக்கு ஒயின். மைக் வைத்துக் குரலும் தோல் கருவியும் பதிபவருக்கு ரீப்பர்தான். கற்றுக்கொள்ள ஒரு மாதம் போனாலும் பரவாயில்லைங்க.