பெட்டிமேல் 1080, டிஸ்கில் 576: அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயர் குமரி வீடுகளில் எப்படி ஓடுகிறது

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எச்டி அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயர் (டிவிடியின் சிறிய படத்தை எச்டி திரை அளவுக்கு விரித்து அனுப்புவது) வாங்கியவர்களிடம் கேட்டால் மூன்று குறைகள்தான் திரும்பத் திரும்ப வரும். "படம் ஒண்ணும் மாறல்லே." "ஆளுவ எல்லாம் குண்டாத் தெரியுது." "கொஞ்ச நாள்ல சிடி எடுக்காமப் போயிட்டு." முதலாவது, பெட்டிமேல் ஒட்டிய 1080 ஸ்டிக்கரை நம்பியதால் வந்தது. இரண்டாவது வெறும் செட்டிங். மூன்றாவதுதான் நிஜக் குறை. அதில் பாதிப் பங்கு நம் ஊர் உப்புக்காற்றுக்கு.

பால் (PAL, இந்திய டிவி முறை) முறையில் பதிந்த டிவிடியில் ஒரு படத்துக்கு 720×576 புள்ளிகள், அதாவது 4,14,720. முழு எச்டி திரையில் 1920×1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க டிவி முறை) டிஸ்கில் 720×480தான். அதற்கு ஆறு மடங்கு. ஆக, திரையில் தெரியும் ஐந்து புள்ளியில் நான்கைப் பிளேயர் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. டிஸ்கில் பதியாத மூக்குத்தியை எந்தச் சிப்பும் செய்து தராது. அதுபோக, இதே கணக்கை டிவியும் போடும். எல்இடி டிவி எதுவானாலும் வருகிற படத்தைத் தன் திரை அளவுக்கு விரித்துத்தான் காட்ட முடியும். அப்புறம் பிளேயர் எதற்கு என்றால், இரண்டில் எது நன்றாக விரிக்கிறது என்பதுதான் கேள்வி. நல்ல பெரிய டிவி இருக்கும் வீட்டில் பல நேரம் டிவியே ஜெயிக்கும்.

பழைய மஞ்சள் வீடியோ வயரை விட்டு எச்டிஎம்ஐக்கு (படமும் ஒலியும் டிஜிட்டலாகப் போகும் ஒரே வயர்) வந்தவருக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சிவப்புச் சேலையின் நிறம் பக்கத்தில் வழியாது, எழுத்தின் ஓரத்தில் எறும்பு ஊராது. ஆனால் அதே எச்டிஎம்ஐயில் 576 வரியுள்ள 576பி-யிலிருந்து 1080 வரியுள்ள 1080பி-க்கு மாற்றினால், எட்டடி தள்ளி உட்கார்ந்து 32 இன்ச் டிவி பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. 32 இன்ச் டிவிகளில் பலவற்றின் திரையே 1366×768தான். பிளேயர் 1080-க்கு ஏற்றியதை டிவி மறுபடி இறக்கிக் காட்டும். அந்த டிவிக்கு 720பி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஓரங்கள் சுத்தமாக இருக்கும். இன்னொன்று: அப்ஸ்கேலிங் எச்டிஎம்ஐ வழியில்தான் வேலை செய்யும். பிளேயரை மஞ்சள் வயரில் மாட்டிவிட்டுப் படம் மாறவில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர்.

பிளேயரின் தரம் உண்மையில் தெரிவது கல்யாண வீடியோவில். இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் டிஸ்குகள் கல்யாணம், முதல் திருவிருந்து, வீடு பால்காய்ப்பு. கேமராக்காரர் பால் முறையில், நொடிக்கு 50 அரைப்படமாக எடுத்தவை. ஒரு படத்தின் வரிகளை ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்த பாதிதான் அரைப்படம்; ஒவ்வொன்றிலும் 288 வரிகள். இரண்டு அரைகளுக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. பிளேயர் இவற்றைச் சேர்த்து முழுப்படமாக்கும்போது, அசையாத பொருள் சரியாக ஒட்டும். அசைகிற பொருளின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிரியும். மலிவான சிப்பு இதைத் தவிர்க்க ஒரு அரையைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதி 288 வரியை 1080-க்கு இழுக்கும். பெட்டியில் என்னவோ 1080 என்றுதான் எழுதியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மாப்பிள்ளை காரில் வந்திறங்கும் காட்சியில் பின்னால் தென்னை நிற்கும், குமரி மாவட்டத்துக் கல்யாண வீடியோவில் தென்னை இல்லாமல் இருக்காது. காற்றில் ஆடும் ஓலையின் கீற்றுகளைப் பாருங்கள். நல்ல பிளேயரில் கீற்று கீற்றாகத் தெரியும். மோசமானதில் படிக்கட்டு போல உடைந்து மினுமினுக்கும். பெண் நடக்கும்போது பட்டுச்சேலையின் ஜரிகைக் கரையும் இதே சோதனைதான். சில டிஸ்கில் கை அசைவெல்லாம் முன்னும் பின்னும் துள்ளும். அது எடிட்டிங்கில் அரைப்படங்களின் வரிசை மாறிப் பதிந்ததால் வருவது, பிளேயரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒரு அரையைத் தூக்கிப்போடும் மலிவுப் பிளேயரில் இந்தத் துள்ளல் தெரியாது.

குண்டு முகத்துக்கு வருவோம். பழைய கல்யாண வீடியோ 4:3 சட்டகம், அதாவது அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு. 720பி, 1080பி சிக்னல் எப்போதும் 16:9. பிளேயர் 4:3 படத்தை அகலமாக இழுத்து 16:9-இல் நிரப்பி அனுப்பிவிட்டால், டிவி ரிமோட்டில் சட்டகம் மாற்றும் வசதி பெரும்பாலும் மங்கிக் கிடக்கும். முதலில் டிஸ்கை வெளியே எடுத்துவிட்டு பிளேயரின் செட்டப்புக்குப் போங்கள்; படம் ஓடும்போது பல பிளேயர் இந்த வரிகளைத் திறக்காது. டிவி வகை 16:9 என்று இருக்கட்டும். அதற்கு அடுத்து 'பில்லர்பாக்ஸ்', 'ஸ்குவீஸ்', 'ஒரிஜினல்' என்று ஏதாவது ஒரு பெயரில், இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு அனுப்பும் தேர்வு இருந்தால் அதை வையுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் எச்டிஎம்ஐ அளவை 576பி-க்கு இறக்கிவிட்டு, டிவி ரிமோட்டில் 4:3 தேர்ந்தெடுங்கள். 1080 போகும், முகம் திரும்ப வரும். வாங்கும் முன்பே இந்தத் தேர்வு மெனுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மற்ற எந்த வசதியையும் விட முக்கியம்.

அதே மெனுவில் இன்னும் இரண்டு. டிவி முறை 'மல்டி' அல்லது 'ஆட்டோ' என்று இருக்க வேண்டும். பால் என்று பூட்டி வைத்தால் என்டிஎஸ்சி டிஸ்கைப் பிளேயர் மாற்றி அனுப்பும், கேமரா நகரும் இடமெல்லாம் தடுக்கித் தடுக்கி ஓடும். சத்தத்தை 'பிசிஎம்' என்று வையுங்கள். 'ரா', 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருந்தால் டிடிஎஸ் ஒலித்தடத்தைப் பிரிக்கத் தெரியாத டிவியில் படம் மட்டும் ஓடும். அப்படியும் ஊமையாக இருந்தால் ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தி டால்பி தடத்துக்கு மாறுங்கள்.

சினிமா டிஸ்கில் கதை வேறு. வெளிநாட்டுத் தமிழருக்காக அச்சிட்ட ஒரிஜினல் டிவிடிகளில் பல என்டிஎஸ்சி. பால் டிஸ்கில் நொடிக்கு 24 படமாக எடுத்த சினிமா 25 ஆக ஓடுவதால் இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னதாகவே முடிந்துவிடும். நல்ல ஒரிஜினல் டிஸ்கை இந்தப் பிளேயர்கள் அழகாகவே காட்டுகின்றன, 40 இன்ச் திரையிலும் குறை சொல்ல முடியாது. மூன்று படத்தை 4.7 ஜிபியில் திணித்த டிஸ்கைப் போட்டால் மட்டும் நிலைமை தலைகீழ்: அப்ஸ்கேலிங் அதன் கட்டம் கட்டமான அழுக்கையும் சேர்த்துப் பெரிதாக்கும். அதற்குப் பழைய மஞ்சள் வயரே மேல்.

வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பிளேயரில் இங்கே வாங்கிய டிஸ்க் ஓடவில்லை என்றால் ரீஜனை, அதாவது டிஸ்கும் பிளேயரும் எந்த நாட்டு வட்டாரத்துக்கானவை என்பதைப் பாருங்கள். இந்தியா 5, வளைகுடா 2. டிஸ்க் உறையின் பின்பக்கம் பூகோள உருண்டைக்குள் எண் இருக்கும். எல்லா ரீஜனுக்கும் பொதுவானதும், கல்யாண டிஸ்கும் எதிலும் ஓடும்.

யுஎஸ்பி துளையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பென்டிரைவ் ஃபேட்32-இல் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். ஏவிஐ ஓடும், இப்போதைய எம்கேவி பெரும்பாலும் ஓடாது. தனி ஃபைலாக வைத்த தமிழ்ச் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத்தான் வரும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது குறை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் பிளேயரின் ஆயுளைத் தீர்மானிப்பது ஈரமும் உப்பும்தான். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்வதால் உள்ளே உலர நாள் கிடைப்பதில்லை. "லென்ஸ் போயிட்டு" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். சிடி பாட்டு ஓடி டிவிடி ஓடவில்லை என்றால் டிவிடிக்கான 650 நானோமீட்டர் லேசர் களைத்திருக்கலாம்; சிடிக்கு 780 நானோமீட்டரில் தனி லேசர். களைப்பு முதலில் காட்டுவது வீட்டில் எழுதிய டிஸ்கிலும் 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்கிலும்தான். எதுவுமே ஓடவில்லை என்றால் முதலில் லென்ஸைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் ஒரே சுற்று. நகச்சாயம் அழிக்கும் திரவம் பட்டால் பிளாஸ்டிக் லென்ஸ் அன்றோடு முடிந்தது.

லேசரும் லென்ஸும் சேர்ந்த பிக்கப்பை மாற்றுவதானால் பழையதன் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள். புதிய பிக்கப்பில் நிலைமின்சாரத்துக்குப் பயந்து கம்பெனியே ஒரு சிறு ஈயப்பொட்டு வைத்து இரு முனைகளை இணைத்திருக்கும். ரிப்பன் கேபிளை மாட்டிய பிறகு அந்தப் பொட்டை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியாது, புதுப் பிக்கப்பும் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். மாட்டும் முன்பே எடுத்தால் லேசர் நிஜமாகவே சாகலாம். தட்டு வெளியே வராமல் உறுமுவது பெல்ட் தளர்ந்ததால், சின்னச் செலவு. சிவப்பு விளக்கு மினுக்கிவிட்டு ஆன் ஆகாவிட்டால் பவர் போர்டில் 5 வோல்ட் வரியில் தலை உப்பிய கெபாசிட்டரைத் தேடுங்கள். 10 வோல்ட்டுக்குப் பதில் அதே மைக்ரோஃபாரட் அளவில் 16 வோல்ட், 105 டிகிரி தாங்குவதாகப் போட்டால் நிற்கும். மெயின் போர்டு போயிருந்தால் விட்டுவிடுங்கள், சுண்டைக்காய் கால்பணம் சுமைகூலி முக்கால்பணம்.

எச்டிஎம்ஐ துளை சாவது பெரும்பாலும் இடிமழைக் காலத்தில். தென்னையிலும் போஸ்டிலும் தொங்கி வரும் கேபிள் வயர் டிவிக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாகப் பிளேயருக்கு இறங்கும். மின்னல் தெரிந்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் வயரையும் கழற்ற வேண்டும். எச்டிஎம்ஐயைச் சொருகுவதும் உருவுவதும் இரண்டு பெட்டியின் பிளக்கையும் எடுத்துவிட்டுத்தான். எர்த்து இல்லாத பெட்டிகளுக்கு இடையே கசியும் மின்சாரம் எச்டிஎம்ஐ சிப்பைக் கொல்லப் போதும்.

புதுப்பெட்டி தேடிப் போக வேண்டியிருப்பதால் பலரும் பழையதைத்தான் வாங்குகிறார்கள். போகும்போது வீட்டுக் கல்யாண டிஸ்க் ஒன்றும் இரட்டை அடுக்கு சினிமா டிஸ்க் ஒன்றும் கையில் கொண்டுபோய், எச்டிஎம்ஐயில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் வயரில் மட்டும் காட்டுகிற கடையில் வாங்காதீர்கள். இரட்டை அடுக்கு டிஸ்கைப் பாதிப் படம் தாண்டி ஓட்டிப் பாருங்கள். அடுக்கு மாறும் இடத்தில் ஒரு நொடி நிற்பது சகஜம், அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றால் லேசர் களைத்தது. ஆன் செய்வதற்கும் முன்னால் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத் திருகாணிகளைப் பாருங்கள். திருகாணித் தலையில் துருவும் வயர் மாட்டும் துளைகளில் பச்சைப் பூப்பும் இருந்தால் அது கடலோர வீட்டில் இருந்த பெட்டி. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.