6,400 கொடுத்து வாங்கிய ‘ஸ்கை’: மாடல் விமானத்துக்குப் பெயிண்ட் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு, பெயிண்ட் படக் கூடாத இடத்தை மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பை உரித்தேன். டேப்போடு பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. பாம்பு சட்டை கழற்றுகிற மாதிரி, இடது இறக்கையில் விரல் நீளத்துக்கு டார்க் எர்த் என்ற பழுப்பு நிறம் அப்படியே கழன்று டேப்பில் தொங்கியது. கீழே முதலில் அடிக்கும் அடிப்பூச்சான சாம்பல் ப்ரைமர் பல்லை இளித்தது. விமானத்தைத் திருப்பிப் போட்டால் அங்கே வேறு கொடுமை. வயிறு முழுக்க நீலம். 1940 ஆகஸ்ட் மாத ஸ்பிட்ஃபயருக்கு, அந்த பிரிட்டிஷ் போர் விமானத்துக்கு, நீல வயிறு!

6,400. ஆறு குப்பி, அனுப்பும் செலவோடு சேர்த்து 6,400. மொத்தமும் போச்சு.

கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தப் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள் என்று நண்பர் எச்சரித்தார். என்ன மாதிரி கடை என்று மட்டும் சொல்கிறேன். சொந்தமாகப் பெயிண்ட் கலந்து, சின்னக் குப்பியில் அடைத்து, ‘அசல் கலர் சிப்போடு’, அதாவது தரப்படியான நிற மாதிரித் துண்டோடு, ‘ஒப்பிட்டது’ என்று லேபிள் ஒட்டி, மெசேஜிலேயே ஆர்டர் எடுக்கும் ஒற்றை ஆள் ஆன்லைன் கடை. இப்படி நிறைய பேர் இருக்கிறார்கள், நல்லவர்களும் உண்டு. என்னிடம் மாட்டியவர், இல்லை, நான் போய் மாட்டியவர் அந்த வகை இல்லை. இந்த மாதிரி இடத்தில் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஸ்கை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வந்தவர்களுக்காக. பெயர்தான் ஸ்கை, நிறம் வானம் இல்லை. பழைய ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்குமே ஒரு வெளிர் பச்சை, அதில் சாம்பலும் கொஞ்சம் மஞ்சளும் கலந்த மாதிரி இருக்கும். சிட்னி காட்டன் என்பவர் தன்னுடைய உளவுப் படப்பிடிப்பு விமானங்களுக்கு ‘காமோடின்ட்’ என்று ஒரு வெளிர் பச்சையைப் பூசினார், அதன் வழியில் வந்ததுதான் இது. 1940 ஜூனில் பிரிட்டிஷ் பகல் நேரப் போர் விமானங்களின் அடிப்பாகத்துக்கு இந்த நிறம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை. பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 381சியில் ஸ்கைக்கு எண் 210. பெயரைப் பார்த்து ஏமாந்து வான நீலத்தைப் பூசுவது முதல் கிட் கட்டும் பையன் செய்யும் தப்பு. பத்து வருஷமாக மாடல் கட்டும் நான், காசு கொடுத்து அந்தத் தப்பை வாங்கியிருக்கிறேன்.

எப்படி நம்பினேன்? அதுதான் இன்னமும் நெஞ்சை அறுக்கிறது.

1/48 அளவில் மார்க் 1 ஸ்பிட்ஃபயர் கட்டுகிறேன், நிறம் துல்லியமாக வேண்டும் என்று மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்தது: “அண்ணா, உங்க விமானம் ஏ ஸ்கீமா, பி ஸ்கீமா?” படித்ததும் உருகிவிட்டேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் காமஃப்ளாஜில் ஏ, பி என்று இரண்டு வரைவுகள் உண்டு, ஒன்று இன்னொன்றின் கண்ணாடிப் பிம்பம். வரிசை எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பூசுவார்கள். இதைக் கேட்கத் தெரிந்தவருக்குப் பெயிண்ட் கலக்கத் தெரியாமலா இருக்கும்? பெயிண்டுக்கும் அந்தக் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எந்த ஸ்கீமாக இருந்தாலும் மேலே டார்க் எர்த், டார்க் க்ரீன், கீழே ஸ்கை என்று அதே மூன்று நிறம்தான் என்பது இப்போது உறைக்கிறது. அன்றைக்கு உறைக்கவில்லை.

அடுத்து ஒரு போட்டோ அனுப்பினார். பெயிண்டில் முக்கிக் காயவைத்த ஐஸ் குச்சி, பக்கத்திலேயே கலர் சிப். இரண்டும் ஒரே நிறம், கோடு கூடத் தெரியவில்லை. “பாருங்க அண்ணா, எங்க சிப் முடியுது, எங்க குச்சி தொடங்குதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார். முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். 6,400, பாதி கூட நிறுத்தி வைக்கவில்லை.

அந்த போட்டோவை இன்றைக்கு மறுபடி எடுத்துப் பார்த்தேன். பின்னால் இருக்கும் சுவரும் மஞ்சள், மேஜை மேல் இருக்கும் வெள்ளைத் தாளும் மஞ்சள். ராத்திரி, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார். அந்த வெளிச்சத்தில் வெளிர் நீலமும் வெளிர் பச்சையும் அண்ணன் தம்பி மாதிரித்தான் தெரியும். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் குடும்பமே வேறு.

பார்சல் வந்தது. போன சனிக்கிழமை வயிற்றுப்புறம் அடித்தேன். ஏர்பிரஷிலிருந்து வரும்போதே நீலமாகத்தான் வந்தது. ஈரத்தில் அப்படித் தெரியும், காய்ந்தால் சரியாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஞாயிறு காலை ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன். நீலம்.

மெசேஜ் போட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் பதில்: “நல்லா குலுக்கினீங்களா அண்ணா?” குலுக்கினேன், அடியில் படிந்ததைக் குச்சியால் கிளறியும் விட்டேன். அடுத்தது ப்ரைமர் மேல் பழி. சாம்பல் ப்ரைமர் நிறத்தை இழுத்துவிடுமாம். மூன்று மெல்லிய கோட் அடித்து ப்ரைமரே தெரியாமல் மூடிய பிறகு எதை இழுக்கும்? அடுத்தது என் போன் கேமரா. அதற்கும் அடுத்தது ஸ்கேல் எஃபெக்ட். தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய விமானத்தின் நிறம் காற்றில் வெளிறித் தெரியும், அதனால் சின்ன மாடலுக்குக் கொஞ்சம் வெளிறவைத்து அடிக்க வேண்டும் என்பார்கள். பலர் இதை ஏற்கிறார்கள், சிலர் சண்டை போடுகிறார்கள், அது தனிக் கதை. ஆனால் அதற்காக ஒரு சொட்டு வெள்ளை விடுவார்கள். வெள்ளை விட்டால் பச்சை வெளிறும், நீலமாகுமா? கடைசியில், “மேட் வார்னிஷ் அடிச்சா செட் ஆயிடும், மேலே வேலையைத் தொடருங்க” என்றார், பளபளப்பில்லாத மேல்பூச்சைச் சொல்கிறார். தொடர்ந்தேன். ஒரே ஆளை இரண்டாம் முறையும் நம்பினேன்.

புதன்கிழமை ஒரு நண்பர் வந்தார். அவரிடம் ஃபேன் டெக், அதாவது விசிறி மாதிரி விரியும் நிற மாதிரி அட்டைக் கட்டு, இருக்கிறது, பிஎஸ் சிப் சிலதும் தனியாக வைத்திருக்கிறார். 210ஐ எடுத்து என் விமானத்தின் வயிற்றில் வைத்தார். அவ்வளவுதான். ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஜன்னல் வெளிச்சத்தில் சின்னக் குழந்தை கூடச் சொல்லிவிடும். பிறகு குப்பியைத் திருப்பினார். லேபிளில் ‘ஸ்கை’ என்று பெரிசாக, அதன் கீழே எறும்பு மாதிரி எழுத்தில் ‘எஃப்எஸ் 35622’. அவர் சிரித்த சிரிப்பு இன்னமும் காதில் கேட்கிறது.

எஃப்எஸ் 595 என்பது 1956இல் வந்த அமெரிக்க நிறத் தரம். ஐந்து இலக்கம். முதல் இலக்கம் பளபளப்பு: 1 என்றால் முழுப் பளபளப்பு, 2 என்றால் பாதிப் பளபளப்பு, 3 என்றால் பளபளப்பே இல்லாத மேட். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம்: 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். 35622 என்றால் மேட், நீலம். வெளிர் பச்சையை விற்கிறவன் குப்பியிலேயே ‘இது நீலம்’ என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறான், எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. மாடல்காரர்கள் 35622ஐ எதற்குப் பயன்படுத்துவார்கள் தெரியுமா? இஸ்ரேல் விமானப்படையின் ஃபாண்டம், ஸ்கைஹாக் விமானங்களின் வயிற்றுக்கு. 1940 ஸ்பிட்ஃபயருக்கு இஸ்ரேலிய ஃபாண்டமின் வயிறு! ஸ்கையைச் சிலர் ‘டக் எக் ப்ளூ’ என்றும் அழைப்பார்கள், அந்தப் பெயரைத் தேடி வந்த முதல் எண்ணை எடுத்து லேபிளில் போட்டிருப்பார் என்பது நண்பரின் ஊகம். 1940 பிரிட்டிஷ் நிறத்துக்கு 1956 அமெரிக்க எண் என்றாலே அது கிட்டத்தட்டதான், அதையே ‘அசல்’ என்று எழுதியிருந்தால் உஷாராகியிருக்க வேண்டும்.

இந்த எண்ணை அவருக்கு எழுதினேன். அதுவரை அண்ணாவாக இருந்த நான் அன்றைக்கு ‘சார்’ ஆனேன்.

“சார், 1940ல ஸ்கை பெயிண்ட் தட்டுப்பாடு. கையில இருந்ததைக் கலந்து அடிச்சாங்க. நீல வயிறோட பறந்த ஸ்பிட்ஃபயரும் இருக்கு. நீங்க வரலாறு படிக்கணும்.”

இதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. ஏனென்றால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்தக் கோடையில் ஸ்கை போதாமல் சில படைப்பிரிவுகள் வேறு வெளிர் நிறங்களை அடித்ததாகச் சொல்வார்கள், கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்துக்கொண்டு அதைப்பற்றி இன்றைக்கும் வாதம் நடக்கிறது. ஆனால் நான் அந்த நிறத்தையா கேட்டேன்? நீ விற்றதில் ‘சிப்போடு ஒப்பிட்டது’ என்று எழுதியிருக்கிறது. சிப் இங்கே, குப்பி இங்கே. 1940இல் யார் எதை அடித்தால் எனக்கென்ன? விற்கும்போது துல்லியம், மாட்டிக்கொண்டால் ‘யாருக்குத் தெரியும்’. 6,400 வாங்கும்போது இந்த வரலாறு எங்கே போயிருந்தது?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். திறந்த குப்பியைத் திருப்பி எடுக்க மாட்டாராம். திறக்காமல் நிறம் பார்ப்பது எப்படி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த ஆர்டரில் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்றார். அடுத்த ஆர்டரா!

மேல்புற நிறங்கள் இரண்டும் ஃபேன் டெக்கில் பார்க்கச் சுமாராகப் பொருந்தியதால், போனது வயிறு மட்டும்தான் என்று நினைத்து டார்க் எர்த் அடித்தேன். இரண்டு முழு நாள் காயவிட்டேன். எத்தனையோ மாடலுக்கு அடித்த அதே ப்ரைமர், அதே டேப், அதையும் உள்ளங்கையில் ஒட்டி ஒட்டி எடுத்துப் பிசினைக் குறைத்துத்தான் போட்டேன். டார்க் க்ரீன் அடித்துவிட்டு உரித்தால் நேற்று ராத்திரி நடந்தது நடந்தது. இன்று காலை போட்டோ அனுப்பினேன். பார்த்துவிட்டதாகக் காட்டியது. பத்து நிமிஷத்தில் அவருடைய படமே மறைந்துவிட்டது. தடை செய்துவிட்டார்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சில: முழுப் பணத்தை முன்னால் அனுப்பாதீர்கள். போட்டோ கேட்டால் பகலில், ஜன்னல் ஓரம், வெள்ளைத் தாள் பக்கத்தில் தெரிய எடுக்கச் சொல்லுங்கள். லேபிளில் எண் இருந்தால் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு குப்பி வாங்குங்கள், நேரே விமானத்தில் அடிக்காமல் பிளாஸ்டிக் ஸ்பூனில் ப்ரைமர் போட்டு அடித்துக் காயவைத்து டேப் ஒட்டி உரித்துப் பாருங்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். வேறு ஏதோ இருந்தது, ஞாபகம் வரவில்லை.

மீதி நாலு குப்பி மேஜையில் இருக்கிறது, அதில் இரண்டை இன்னும் திறக்கவே இல்லை. கேட்காதீர்கள், யாருக்கும் கொடுக்க மாட்டேன், வாங்கி நீங்களும் திட்டுவீர்கள். இப்போது பெயிண்டை எடுக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இறக்கை சுலபமாக உரிகிறது. நீலம் மட்டும் பேனல் கோடுகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்கிறது.