சாம்பிள் அசல், பாட்டில் போலி: 1,850 ரூபாய் போச்சு

ஆன்லைனில் எனக்குப் போலி சென்ட் விற்றவன் நேற்று ராத்திரி என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருத்தர் மாட்டக் கூடாது.

அப்பாவுக்கு அடுத்த வாரம் அறுபதாம் கல்யாணம். அவர் வாழ்நாளில் தனக்கென்று சென்ட் வாங்கியதே இல்லை. நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும், ஆனால் ஐயாயிரம் பத்தாயிரம் என்னால் முடியாது. மரவாசனையும் மசாலாக் காரமும் சேர்ந்த ஆண்கள் சென்ட் வகையில், கட்டுப்படியாகும் விலைக்கு எல்லோரும் சொல்வது பென்ட்லி ஃபார் மென் இன்டென்ஸ். 2013-இல் வந்தது, நத்தாலி லோர்சன் உருவாக்கியது. அதைத்தான் தேடினேன்.

படம் போடும் ஒரு ஆப்பில் சென்ட் விற்கும் பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. விலை 1,850. கடை விலையைவிடச் சில நூறுதான் குறைவு, அதனால் சந்தேகமே வரவில்லை. பாதி விலை என்றிருந்தால் அப்போதே விலகியிருப்பேன். "ப்ரோ, முதல்ல 2 மில்லி சாம்பிள் வாங்கிப் பாருங்க, பிடிச்சா மட்டும் பாட்டில் எடுங்க" என்றான். இவ்வளவு நியாயமாகப் பேசுகிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். 150 ரூபாய் சாம்பிள் வந்தது, அசலேதான். அடித்ததும் மிளகும் பட்டையும், கொஞ்ச நேரத்தில் சாம்பிராணி, அப்புறம் சாயங்காலம் வரை லெதரும் தேவதாரு மரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. என் சட்டையை மோந்து பார்த்த அப்பா, "பழைய மரபீரோவைத் திறந்த மாதிரி இருக்குப்பா, நல்லா இருக்கு" என்றார். அன்றைக்கே 1,850 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன்.

பாட்டில் வந்ததும் அப்பா கையிலேயே கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். கழுத்தில் அடித்துக்கொண்டார். வெறும் ஸ்பிரிட் நெடி, மேலே கொஞ்சம் பட்டை, அரை மணி நேரத்தில் ஒன்றுமே இல்லை. "இது அது இல்லையேப்பா" என்று மெதுவாகச் சொன்னார், என் மனசு நோகக் கூடாது என்று. ராத்திரி கழுத்து சிவந்து அரிப்பு. அப்புறம்தான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி போட்ட ஸ்டிக்கரே இல்லை. பெட்டியில் ஒரு பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), பாட்டில் அடியில் வேறு எண், அதுவும் விரலால் தேய்த்தால் அழிகிறது.

அவனிடம் கேட்டால் முதல் நாள், "புது பாட்டில் ப்ரோ, மூணு வாரம் அலமாரியில வைங்க, மாசரேஷன் ஆகணும்", அதாவது சென்ட் ஊறி வாசனை கூட வேண்டுமாம். அழிகிற எண்ணும் அலமாரியில் வைத்தால் சரியாகிவிடுமா? இரண்டாம் நாள், "பேட்ச் மாறினா வாசனை மாறும்". மூன்றாம் நாள், "பிரிக்கிற வீடியோ இருக்கா? இல்லேன்னா ரிட்டர்ன் கிடையாது". பணம் வாங்கும்போது வீடியோ பற்றி ஒரு வார்த்தை சொன்னானா? அப்பா கழுத்தின் படத்தை அனுப்பினேன். பார்த்தான், பதில் இல்லை. கூப்பிட்டால் கட் செய்தான். நேற்று ராத்திரியிலிருந்து பிளாக். 1,850 ரூபாய் எனக்கு இரண்டு நாள் சம்பளம்.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இவ்வளவுதான்: சாம்பிள் அசலாக இருந்தது என்பதற்காக பாட்டிலை நம்பாதீர்கள். பணம் அனுப்புவதற்கு முன்பே ஸ்டிக்கர், பேட்ச் எண் இரண்டுக்கும் படம் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நேராகத் தோலில் அடிக்காதீர்கள், முதலில் துணியில் அடித்து அரை மணி நேரம் பாருங்கள், மரவாசனை அப்புறம்தான் வெளியே வரும், முதல் நெடியைப் போலியிலும் கொண்டுவந்துவிடலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். அப்பா கழுத்தில் சிவப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.