கிருஷ்ணகிரி நடன விழா: பார்க்க வழி இருந்தது, மேடையேற வழி இல்லை

கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் நடந்த விழா இது. மாற்றுத்திறனாளிகள் ஆடவும் செய்தார்கள், பார்க்கவும் வந்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கான ஏற்பாடு பெரும்பாலும் தேறியது. ஆட வந்தவர்களுக்குத்தான் குறை வைத்துவிட்டார்கள்.

வாசலில் மூன்று படி, மொத்தம் 45 செ.மீ. உயரம். ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் 5.4 மீட்டர் சாய்தளம் வேண்டும். பந்தல் காண்ட்ராக்டர் அந்த நீளத்துக்கே பலகை அடித்து, இரு பக்கமும் கைப்பிடி வைத்திருந்தார். ஆறடிப் பலகையைச் சாய்த்துப் போட்டுவிட்டு ‘ராம்ப் இருக்கு’ என்று சொல்லும் மண்டபங்களே அதிகம் என்பதால் இதைப் பாராட்டியே ஆக வேண்டும். அதன்மேல் சிவப்புக் கம்பளத்தை ஒட்டாமல் விரித்ததுதான் தப்பு. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. தளர்ந்த கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். சொரசொரப்பான வெறும் பலகையே போதும்.

உள்ளே மூன்று வரிசைகளில் நாற்காலிகளை எடுத்து இடம் விட்டிருந்தார்கள். சக்கர நாற்காலிக்காரர்களை ஒரே மூலையில் ஒதுக்காமல், கூட வந்தவர்களோடு பக்கத்திலேயே உட்கார வைத்தது நல்ல யோசனை. மணமகள் அறையை அமைதி அறையாக மாற்றியது அதைவிட நல்லது. சத்தமும் வெளிச்சமும் தாங்காத ஆட்டிசம் குழந்தைகள் அங்கே போய் இருந்துவிட்டுத் திரும்ப முடிந்தது. வாசல் சீரியல் லைட்டையும் விட்டு விட்டு எரியாமல் நிலையாக எரிய வைத்திருந்தார்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைக் கிளப்பிவிடும்.

சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருவர், ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டார்கள். ஆனால் மேடை விளக்கை அணைத்தபோதெல்லாம் அவர்களும் இருட்டில் மறைந்துபோனார்கள். அவர்களுக்கென்று தனி விளக்கு ஒன்று கடைசிவரை அணையாமல் எரிய வேண்டும். பார்வையற்ற ரசிகர்களுக்குத் தனி வர்ணனை இல்லை. இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் நின்றே வேஷக்காரர் தான் யார் என்று பாடிவிடுவார், கட்டியக்காரர் மிச்சத்தைச் சொல்லிவிடுவார். கண் தெரியாதவரும் கதையை விடமாட்டார். ஒவ்வொரு பரதநாட்டிய உருப்படிக்கும் (தனித்தனி ஆட்டம்) முன்னால் அதே மாதிரி இரண்டு நிமிடம், யார் வருகிறார், என்ன உடை, எந்தப் பக்கமிருந்து என்று சொல்ல எந்தச் செலவும் இல்லை.

பெரிய குறை மேடையில்தான். நான்கு அடி உயரச் சிமெண்ட் மேடை, ஏறப் படி மட்டும். சக்கர நாற்காலியில் ஆடுகிறவர்களை நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். பேட்டரி நாற்காலி ஆளோடு சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். கைதாங்கியும் கால்தாங்கியும் கழற்றி மாட்டும் வகை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும், ஆள் கீழே விழுவார். விழாவிட்டாலும், ஆட வந்த கலைஞரைச் சபை முன்னால் மூட்டைபோல் தூக்குவது அவருக்கு எவ்வளவு வலிக்கும்! 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு பண்பாட்டு வாழ்வை உரிமை என்றே சொல்கிறது. அந்த உரிமை பார்வையாளர் நாற்காலியோடு நின்றுவிடக் கூடாது.

நான்கடிக்குச் சாய்தளம் போட 48 அடி நீளமும் நடுவில் ஒரு சமதளமும் வேண்டும். மண்டபத்தில் அவ்வளவு இடம் கிடையாது. சிமெண்ட் மேடையை விட்டுவிட்டு, அதன் முன்னால் இரண்டடி உயரத்தில் பலகை மேடை போட்டால் 24 அடியில் வேலை முடியும். காது கேளாதவர்களுக்கும் அதுவே தேவை. சிமெண்ட் தளத்தில் மிருதங்க அதிர்வு காலுக்கு வராது. பலகை மேடைமேலேயே கனத்த ஒலிக்கான பேஸ் ஸ்பீக்கர் பெட்டியை வைத்தால் அதிர்வு பாதத்தில் தெரியும், அதை வைத்துக் காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) பிடிப்பார்கள்.

பார்வையற்ற நடனக் குழுவுக்கு மட்டும் மேடையில் அக்கறையாக வேலை செய்திருந்தார்கள். விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே சணல் கயிறு வைத்து, மேலே துணி டேப்பால் இறுக்கி ஒட்டியிருந்தார்கள். வெறும் பாதம் பட்டவுடன் விளிம்பு வருகிறது என்று புரிந்துவிடும். ஆட்டத்துக்குத் தாளம் போடும் நட்டுவனார் இடது ஓரத்தை விட்டு நகரவில்லை, அந்தத் தாளச் சத்தம்தான் திசைகாட்டி. முதல் உருப்படியில் சவுண்டு சர்வீஸ்காரர் தாளத்தை இரண்டு பக்கப் பெட்டியிலும் விட்டதால் வரிசை கோணலானது. வலது பக்கப் பெட்டியை நிறுத்தியதும் சரியானது.

கழிப்பறை நிலைமை மோசம். கீழ்த்தளத்தில் இருந்த ஒரே வெஸ்டர்ன் கழிப்பறையில் பழைய நாற்காலிகளை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள், சாவி யாரிடம் என்று தெரியவில்லை. கதவும் உள்பக்கம் திறக்கிறது. சக்கர நாற்காலி நுழைந்தபின் அதைச் சாத்த முடியாது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டி, பக்கச் சுவரில் ஒரு கம்பி பொருத்துவது ஆசாரிக்கு ஒரு நாள் வேலை. அழைப்பிதழைப் படமாக மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் எழுத்தாகவும் அனுப்ப வேண்டும். பார்வையற்றவர்களுக்குப் போன் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான், படத்தில் உள்ளதைப் பல சமயம் சரியாகப் படிக்காது.

அடுத்த ஆண்டும் இதே மண்டபம்தான் என்றால், பலகை மேடைக்கும் 24 அடி சாய்தளத்துக்கும் அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே சொல்லி, டேப் வைத்து அளந்து தரையில் குறி போட்டுவிட வேண்டும். டெக்கரேஷன்காரர் தூண் நட்ட பிறகு கேட்டால் அந்த இடம் கிடைக்காது.